‘பகல்’ என்ற சொல் மனத்தில் எந்த ஒலியோடு தங்கியிருக்கிறது?

உப்புவெளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரை அடுத்த ஒரு பாடசாலையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற தவணையில் காய்ச்சலால் பல நாட்கள் வராதிருந்த ஒரு மாணவிக்காகச் சொல்வதெழுதுதல் பயிற்சியைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்த்தபோது திகைத்துப் போனேன். ‘பகல்’ என்று முழுச் சொல்லாக நான் சொன்ன இடத்தில் நடுவில் வந்தது வன்மையான ககரமன்று. தொண்டைப் பக்கமாக மெல்ல உராய்ந்து வரும், ஹகரத்தை ஒத்த ஓர் ஒலி. அதே சொல்லைப் பிள்ளைக்குத் தெளிவாக விளங்கட்டும் என்று ‘ப… க… ல்’ என எழுத்தெழுத்தாகச் சொன்ன இடத்திலோ, ‘கடல்’ என்பதன் முதலில் வருகிற அதே வன்மையான ககரம் வந்திருந்தது. இரண்டும் அடுத்தடுத்து என் வாயிலிருந்தே வந்திருந்தும், இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் அவை வேறுவேறு என்று என் செவி எனக்குச் சொன்னதில்லை. அந்த மாணவியும் எந்தக் குழப்பமுமின்றி ‘பகல்’ என்றே எழுதி அனுப்பியிருந்தாள்.

அதன் பிறகு கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பகரங்கள் இருக்கின்றன. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால், முதற் பகரத்தில் அதிர்வு இல்லை, மகரத்தை அடுத்த பகரத்தில் அதிர்வு அறுபடாமல் தொடர்கிறது. பிள்ளைகளையும் அவ்வாறே சொல்லச் செய்தேன். விரலில் வேறுபாடு தெரிந்தபோதும், “இரண்டும் ஒரே ‘ப’ தானே, ரீச்சர்” என்றுதான் சொன்னார்கள்.

இதற்கு நேர்மாறானதும் வகுப்பில் அன்றாடம் நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டதால், ‘பழம்’ என்று எழுதச் சொன்னால் பிள்ளைகள் ‘பளம்’ என்று எழுதுகிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது இதே பிழைக்காக என் வகுப்பாசிரியர் ஒருவர், “காது கேட்காதா?” என்று கேட்டு அடிமட்டத்தால் விரல்மொழியில் அடித்தார். என் காதில் குறையில்லை என்பதை அன்று எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்று என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் காதில் குறையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வேறு எதில் என்ன நடக்கிறது என்பதை நான் அறிய விரும்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘மரம்’ என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று மூன்றாம் தரப் பிள்ளைகளிடம் கேட்டேன். எல்லோரும் ‘ரம்’ என்றார்கள். மகர மெய்யை மட்டும் நீக்கி ‘அரம்’ என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான்: ஒரு சொல்லைக் கற்றுக்கொண்ட பின், அதன் ஒலிவடிவமாக மனம் எதை வைத்திருக்கிறது? செவியில் விழுந்த ஒலியையா, எழுத்தையா, அசையையா, அல்லது இவற்றுள் எதுவுமல்லாத வேறொன்றையா? அது எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது?

ஓய்வுபெற்ற மொழியியல் விரிவுரையாளர்:

ரீச்சர், நீங்கள் கைத்தொலைபேசியில் கேட்டதை ஒத்த ஒரு நிகழ்ச்சி மொழியியல் வரலாற்றில் பெயர் பெற்றது. அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீர், ஒலியன்களுக்கு, அதாவது ஒரு மொழியில் சொற்களைப் பொருளால் வேறுபடுத்தும் ஒலி அலகுகளுக்கு, உளவியல் அடிப்படை உண்டு என்பதை நிறுவ 1933இல் எழுதிய கட்டுரையில் அதை விவரிக்கிறார். அவர் தென் பையூட் என்னும் பழங்குடி மொழியை ஆராய்ந்தபோது, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட தம் உதவியாளருக்கு ஒலிகளைக் கேட்டபடி எழுதும் முறையைக் கற்பித்திருந்தார். அம்மொழியில் பகரம் உயிரொலிக்குப் பின் வரும்போது, உதடுகள் முழுதும் மூடாமல் உராய்ந்து, ஏறத்தாழ வகரம்போல் ஒலிக்கும். ‘தண்ணீரருகே’ என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதச் சொன்னபோது, சபீரின் செவியில் உராய்வொலியாக விழுந்த இடத்தில் அந்த உதவியாளர் தயங்காமல் பகரத்தை எழுதினார். எழுதும்போது சொல்லை அசையசையாகப் பிரித்து மெல்லச் சொல்லிக்கொண்டார். பிரித்துச் சொன்னபோது அவர் வாயிலும் வன்மையான பகரமே வந்தது. உங்கள் ‘ப… க… ல்’ அப்படியே இதுதான்.

இதிலிருந்து சபீர் கண்டது, பேசுபவர் தாம் ஒலிப்பதாகவும் கேட்பதாகவும் உணர்வது தம் வாயிலிருந்து வரும் ஒலியை அன்று, அதற்குப் பின்னால் மனத்தில் இருக்கும் ஒலியனை என்பதாகும். ‘பகல்’ என்பதன் நடுவில் உங்கள் மனம் வைத்திருப்பது ககரம். அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வாய் அதற்கு உருவம் கொடுக்கிறது: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக, மெல்லெழுத்தை அடுத்து வரும்போது தொண்டை அதிர, இரண்டு உயிர்களுக்கு நடுவில் நெகிழ்ந்து. இடத்தை வைத்தே உருவத்தைச் சொல்லிவிடலாம் என்றால், ஒவ்வொரு சொல்லோடும் அந்த உருவத்தையும் சேர்த்து மனனம் செய்ய வேண்டிய தேவை இல்லை. தமிழின் இந்த ஒழுங்கைக் கால்டுவெல் 1856இலேயே ஒரு விதியாக எடுத்துக் கூறினார். தொல்காப்பியர் வல்லெழுத்துகளை ஆறாகவே வகுத்து, இடத்துக்கேற்ப மாறும் உருவங்களுக்குத் தனித்தனி எழுத்து வேண்டாமல் விட்டதும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இந்த ஒழுங்கை நமக்குப் புகட்டியது எழுத்துத்தான் என்று நீங்கள் ஐயுறலாம். முதற் படியில் நடந்தது அதற்கு எதிரானது. பிராமி எழுத்தில் அதிர்வுடைய வல்லொலிகளுக்கும் அதிர்வற்றவற்றுக்கும் தனித்தனி வரிவடிவங்கள் ஆயத்தமாகவே இருந்தன. அதைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டவர்கள் அதிர்வுடையவற்றுக்கான வடிவங்களைப் பொதுவாக விட்டுவிட்டார்கள். ஆனால் ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குப் புதிதாக வடிவம் அமைத்தார்கள். கையில் இருந்ததை வேண்டாமென்று விட்டதும், இல்லாததை வேண்டுமென்று ஆக்கிக்கொண்டதும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் பேசியவர்களின் மனத்தில் எவை வேறு, எவை ஒன்று என்பதற்குக் கல்லில் கிடைத்த சான்றாகும். எனக்குத் தெரிந்தவற்றுள் இதைவிட அழகான சான்று வேறில்லை.

அடுத்து, அது எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டீர்கள். ஒலியன்கள் மனத்தில் தொடர்பற்ற முப்பது பொருள்களாகக் கொட்டிக் கிடக்கவில்லை. புணர்ச்சி இலக்கணம் படிக்காத ஒரு சிறுபிள்ளை, ‘அலாரம்’ என்ற புதிய சொல்லைக் கேட்ட மறுநாளே ‘அலாரங்கள்’ என்று சொல்லும். மகரம் ககரத்தின் முன் ஙகரமாகிறது. காரணம், ஙகரமும் ககரமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. ‘மரந்தான்’ என்னும்போது அதே மகரம் தகரத்தின் இடத்துக்கு வந்துவிடுகிறது. எந்த மெல்லெழுத்துக்கு எந்த வல்லெழுத்து இனம் என்பது அந்தப் பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே கேட்டறியாத வடிவத்தை அது தானாக ஆக்க முடியும். பிறப்பிடம், மூக்குவழி வருதல், தொண்டை அதிர்வு போன்ற ஒலிக்கூறுகளின் தொகுப்பாகவே ஒவ்வோர் ஒலியனும் மனத்தில் அமைந்திருக்கிறது என்பது ரோமன் யாக்கப்சன் முதலானோர் வளர்த்தெடுத்த கருத்து. 1968இல் சோம்ஸ்கியும் மொரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி எழுதிய பெருநூலில், மனத்தில் ஓர் அடிநிலை வடிவம், அதன்மேல் செயற்படும் விதிகள், அவற்றின் முடிவாக வாயில் வரும் வடிவம் என்று இதை முழுமையான கோட்பாடாக்கினார்கள்.

உங்கள் ‘பளம்’ பிள்ளைக்கு வருகிறேன். 1984இல் ஜனெட் வேர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், ஹிந்தியில் உள்ள, நம்முடைய தகரத்தையும் டகரத்தையும் ஒத்த ஒலிகளை வேறுபடுத்திக் கேட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டிருந்தது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதால் குழந்தையின் மனம் அதற்கு இடம் வைக்கவில்லை. நம் பிள்ளைகள் ‘பத்து’, ‘பட்டு’ இரண்டையும் பிறழாமல் கேட்கிறார்கள், ஏனெனில் சூழ்ந்துள்ள பேச்சு அந்த வேறுபாட்டைக் காத்துக் கொடுத்திருக்கிறது. ழகரத்தை அந்தப் பேச்சு கொடுக்கவில்லை. ‘பழம்’ என்ற சொல் அவர்கள் மனத்தில் ளகரத்தோடுதான் இருக்கிறது. எழுத்தில் ழகரம் என்பது அவர்கள் கண்ணால் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டாவது செய்தி. உங்கள் விரல்மொழியில் விழுந்த அடி தவறான அடி, ரீச்சர்.

பேச்சுச் சிகிச்சையாளர்:

விரிவுரையாளர் ஐயா சொன்னவற்றோடு, நான் நாள்தோறும் நோயாளர்களிடம் காண்பவற்றையும் சேர்க்க விரும்புகிறேன்.

மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ககரம் சொல்ல வராமல் அதன் இடத்தில் தகரம் சொல்வான். யன்னலில் காகத்தைக் கண்டு, ‘தாத்தா’ என்று கையை நீட்டினான். நானும், “தாத்தாவா?” என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. “இல்லை! தாத்தா!” என்று இன்னும் உரத்துச் சொன்னான். “ஓ, காக்காவா?” என்று கேட்டதும் தலையை ஆட்டிச் சிரித்தான். ஆங்கிலம் பேசும் ஒரு குழந்தையிடம் இதே நிலையை ஜீன் பேர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960இல் பதிவு செய்திருக்கிறார்கள். வாய்க்கு வராத வேறுபாடு அந்தக் குழந்தையின் மனத்தில் இருக்கிறது. பிறர் வாயில் அது பிழைத்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. எனவே பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, பிள்ளை எப்படிச் சொல்கிறது என்பதை மட்டும் வைத்து, பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதுதான்.

மறுமுனையில், பக்கவாதத்தின் பின் பேச்சு பாதிக்கப்பட்டவர்கள். கடற்றொழில் செய்த ஒரு முதியவர் படகின் படத்தைப் பார்த்து ‘கடபு’ என்றார். அது பிழை என்பது சொன்ன கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ‘கட… பட… படகு’ என்று தட்டுத்தடுமாறி உரிய சொல்லை வந்தடைந்தார். சேமிப்பு சிதைந்து போயிருந்தால் அவரால் தம்மைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. சேமிப்பிலிருந்து ஒலிகளை எடுத்து வரிசையில் வைக்கும் இடத்திலேயே சேதம் இருந்தது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. பகரமும் ககரமும் இடம் மாறியபோது, ‘படகு’ என்பதில் நெகிழ்ந்து வரும் ககரம், தான் வந்து சேர்ந்த சொல்முதலுக்கு உரிய வன்மையான உருவத்தோடுதான் ஒலித்தது. நலமான மனிதர்களின் நாப்பிழைகளிலும் இவ்வாறே நடப்பதை விக்டோரியா ஃபிரொம்கின் 1971இல் எடுத்துக்காட்டினார். இடம் மாறுவது மனத்தில் உள்ள அலகு. அதற்கு உருவம் பிறகே தரப்படுகிறது.

ரீச்சர் கேட்ட ‘மரம்’ கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. 1979இல் ஜோசே மொராய்ஸும் உடன் ஆய்வாளர்களும் போர்த்துக்கல்லில், எழுதப் படிக்கத் தெரியாத வளர்ந்தவர்களிடம் சொல்லின் முதலில் ஒரு மெய்யொலியைச் சேர்க்கவும் நீக்கவும் சொன்னபோது பெரும்பாலோரால் முடியவில்லை. அதே சூழலில் வாழ்ந்து, வயது வந்த பின் எழுத்தறிவு பெற்றவர்களால் முடிந்தது. சீனாவில் சித்திர எழுத்தை மட்டும் கற்றவர்களிடமும் அதே இடர்ப்பாடு காணப்பட்டதை 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மெய்யைத் தனியே பிரித்து எடுக்கும் அறிவு இயல்பாகத் தானே வருவதன்று, எழுத்தோடு வருவது. நம் எழுத்து உயிர்மெய்யை ஒரே வடிவமாகக் காட்டுவதால் நம் பிள்ளைகளின் கை முதலில் அசையைத்தான் எட்டிப் பிடிக்கிறது. அவர்கள் பிழை செய்யவில்லை. அதே பிள்ளைகள் ‘அலாரங்கள்’ என்று சரியாகச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள்: மெய்யொலியை மனம் கையாள்கிறது, ஆனால் அதை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னால் காட்ட முடிவதில்லை. இவை இரண்டும் வேறுவேறு திறன்கள்.

ஒரு சொல் நாநுனியில் நின்று வர மறுக்கும்போது என்ன கிடைக்கிறது என்பதும் இங்கே உதவும். பிரவுனும் டேவிட் மக்நீலும் 1966இல் ஆராய்ந்தபோது, சொல் கிடைக்காமல் தவித்தவர்கள் அதன் முதலெழுத்தையும் அதில் எத்தனை அசைகள் என்பதையும் பல வேளைகளில் சரியாகச் சொன்னார்கள். முழுச் சொல் ஒரே பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தால் இப்படிப் பகுதி பகுதியாகக் கிடைக்காது.

கிண்ணியாக் கடைக்காரர்:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் படித்தவனல்லன், கட்டடப் பொருட்கள் விற்கும் கடை நடத்துகிறேன். ஆனாலும் நாள் முழுவதும் மூன்று இனத்தவரோடும் கதைக்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு மேசன் பாஸ்மார் வருவார்கள். மேசனையும் தச்சரையும் நாம் ‘பாஸ்’ என்போம். தொண்டை அதிரும் பகரம். பரீட்சையில் தேறுவதையும் ‘பாஸ்’ என்போம், அதிராத பகரம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. “பாஸின் மகன் பாஸ்” என்று கடையில் ஒருவர் சொன்னால், அது எந்தப் பாஸ், எந்தப் பாஸ் என்று யாரும் கேட்பதில்லை. அப்படியானால் இந்தச் சொற்களில் அதிர்வையும் மனம் சேர்த்து வைத்திருக்கிறது அல்லவா? இடத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்ற ஐயாவின் விதி இங்கே செல்லாதே.

இரண்டாவது, நான் முப்பது வயதுக்கு மேல்தான் சிங்களம் கற்றேன். அதில் ‘கல்’ என்று கடினமாகச் சொன்னால் காலம். அதிர்வோடு சொன்னால் பாறைக்கல். கந்தளாயிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் நான் விலை சொல்லும்போதெல்லாம் காலத்தைத்தான் விற்கிறேன் என்று எடுத்துச் சொல்லி, பொறுமையாகத் திருத்தித் தந்தார். அது பிடிபட்டுவிட்டது. ஆனால் மலையைக் குறிக்கும் சொல்லையும் மரத்தின் அடித்தண்டைக் குறிக்கும் சொல்லையும் இன்றுவரை என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. இரண்டும் எனக்குக் ‘கந்த’ என்றே கேட்கின்றன. ஒன்றில் மூக்கொலி நீண்டு நிற்கும், மற்றதில் தகரத்தோடு ஒட்டிக் குறுகிவிடும் என்று சொல்கிறார்கள். வேறுபாடு இருக்கிறது என்று அறிந்தும் செவி எடுக்க மறுக்கிறது.

மூன்றாவது, தொலைபேசியில் ஒருவர் “ஹலோ” என்று சொன்ன மாத்திரத்தில் அவர் மூதூரா, தம்பலகாமமா, நகரத்தவரா என்று பெரும்பாலும் எனக்குத் தெரிந்துவிடும். நெடுநாள் வாடிக்கையாளர் என்றால் ஆளையே தெரிந்துவிடும். மனம் தேவையற்றதை எல்லாம் கழித்துவிட்டு ஒலியனை மட்டும் வைக்கிறது என்றால், இவையெல்லாம் எங்கே இருக்கின்றன?

ஓய்வுபெற்ற மொழியியல் விரிவுரையாளர்:

நண்பரே, படித்தவனல்லன் என்று இனி எழுத வேண்டாம். நீங்கள் கேட்ட மூன்றும் இத்துறையில் இன்றும் விவாதிக்கப்படுபவை.

‘பாஸ்’ பற்றி நீங்கள் சொல்வதே சரி. கடன்சொற்கள் வந்து சேர்ந்த பின், சொல்லின் முதலில் அதிர்வுள்ள ஒலி, அதிராத ஒலி என்ற வேறுபாடு தமிழர் மனத்தில் ஓரளவு இடம் பிடித்துவிட்டது. பழஞ்சொற்களில் விதி ஆள்கிறது. புதுச்சொற்களில் சொல்லோடு சேர்த்தே வேறுபாடு பதிந்திருக்கிறது. சேமிப்பு முழுதும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலங்கையில் நாம் ‘பற்றறி’, ‘பெற்றோல்’ என்று எழுதுவதும் இவ்வகையில் கவனத்துக்குரியது. ‘பத்து’, ‘பட்டு’, ‘பற்று’ மூன்றையும் நாம் வாசிக்கும்போது நா மூன்று இடங்களில் தொடுகிறது. ஆங்கிலத்தின் அந்த ஒலியைக் கேட்டதும் நம் மனம் தன்னிடமுள்ள மூன்று அறைகளுள் மிக நெருங்கிய றகர அறையில் அதை வைத்துவிட்டது. ‘ரொறன்ரோ’ என்ற நம் எழுத்தைத் தமிழகத்தவர் வேறு மாதிரி வாசித்துத் திகைப்பதற்குக் காரணம், அவர்கள் அந்த ஒலியை டகர அறையில் வைத்திருப்பதுதான்.

‘கந்த’ பற்றி: இல்லாத அறையில் பொருளை வைக்க முடியாது. 1999இல் எமானுவேல் டுப்பூவும் குழுவினரும் செய்த சோதனையில், இரண்டு மெய்கள் நடுவில் உயிரின்றி அடுத்தடுத்து வந்த சொற்களை ஜப்பானியர்கள், இடையில் ஓர் உகரம் இருப்பதாகவே கேட்டார்கள். அவர்களின் மொழி அத்தகைய மெய்ம்மயக்கத்தை ஏற்காததால் மனம் உயிரைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டது. நம் பாட்டிமார் ‘இஸ்கூல்’ என்றதும், நாம் ‘சிறீலங்கா’ என்று எழுதியதும் இத்தகைய மனத்தின் வேலைதான்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. ஒரு சொல்லை முன்பு கேட்ட அதே குரலில் மீண்டும் கேட்கும்போது மனிதர் அதை இன்னும் எளிதாக இனங்காண்கிறார்கள் என்று ஸ்டீவன் கோல்டிங்கர் 1996இல் காட்டினார். அப்படியானால் குரலும் சொல்லோடு சேர்ந்து பதிந்திருக்கிறது. ஜோன் பைபீ, ஜனெட் பியர்ஹம்பர்ட் முதலானோர் இதையொட்டி, நாம் கேட்ட ஒவ்வொரு நிகழ்வும் அதன் நுணுக்கங்களோடு நினைவில் படிகிறது, ஒன்றையொன்று ஒத்தவை திரண்டு ஒரு கூட்டமாகின்றன, ஒலியன் என்பது அந்தக் கூட்டத்துக்கு நாம் இடும் பெயரே என்று வாதிட்டார்கள். நான் இளமையில் படித்த கோட்பாட்டுக்கு இது நேர் எதிரானது. நெடுநாள் எதிர்த்தும் வந்தேன். இப்போது இரண்டும் ஒருங்கே இருப்பதாகவே கருதுகிறேன். மூதூர்க்காரரை அடையாளம் காணும் நினைவும் வேண்டும். அவர் சொன்ன ‘பகல்’ நகரத்தவர் சொன்ன ‘பகல்’தான் என்று அறியும் நினைவும் வேண்டும்.

ஒரு செய்தி மட்டும் இந்த வாதத்தில் என்னை நிலைநிறுத்துகிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்ட நோயாளிகள் ஆங்கில வாக்கியங்களைக் கேட்டபோது பதிவு செய்த அளவீடுகளை எட்வர்ட் சாங்கின் குழுவினர் 2014இல் வெளியிட்டார்கள். செவியை அடுத்த மேற்பக்க மடிப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஓர் ஒலியனுக்கு எனச் செயற்படவில்லை. ஒரு புள்ளி வல்லொலிகள் பலவற்றுக்கும், இன்னொன்று உராய்வொலிகளுக்கும், மற்றொன்று மூக்கொலிகளுக்குமாக இனம் இனமாகத் தூண்டப்பட்டன. வல்லினம், மெல்லினம் என்று சிறுவயதில் பாடம் ஒப்பித்தவனுக்கு இதைப் படித்தபோது எழுந்த உணர்வை என்னால் எழுத முடியவில்லை.

உப்புவெளி ஆசிரியை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த பின் வகுப்பில் ஒரு விளையாட்டை வைத்துப் பார்த்தேன். சொல்லை அசையாகப் பிரித்துத் தலைகீழாக்கிச் சொல்ல வேண்டும். ‘பகல்’ என்பதைத் திருப்பியபோது எல்லாப் பிள்ளைகளும் வன்மையான ககரத்தோடு ‘கல்ப’ என்றார்கள். தாங்கள் அன்றாடம் சொல்லும் அந்த உராய்வொலியைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை. ‘தம்பி’ என்பதைத் திருப்பியபோதும் பெரும்பாலோர் அதிராத பகரத்தோடு ‘பிதம்’ என்றார்கள். ஒரு சிறுவன் மட்டும் ‘பஸ்’ என்பதில் வருகிற அதிர்வுள்ள பகரத்தோடு சொன்னான். அவன் தாய் வீட்டில் சிங்களம் பேசுபவர். கிண்ணியா நானா எழுதியதை நினைத்துக்கொண்டேன்: அவன் மனத்தில் அந்த ஒலிக்குத் தனி அறை ஒன்று இருக்கிறது போலும்.

பேச்சுச் சிகிச்சையாளர்:

மிக நல்ல விளையாட்டு, ரீச்சர். ஒரு தடையை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் எழுத்துக் கற்றவர்கள். ‘கல்ப’ என்று சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்த ஒலியனைப் படித்தார்களா, கண்முன் நிற்கும் ‘க’ என்ற வரிவடிவத்தைப் படித்தார்களா என்று இதிலிருந்து பிரித்தறிய முடியாது. அந்தச் சிறுவனைப் பற்றியும் ஒரே பிள்ளையை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. எழுத்தே அறியாத முன்பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். திருப்பிச் சொல்வது அந்த வயதுக்குக் கடினம். அசைக்கு ஒரு கைதட்டலாக மெல்லச் சொல்லச் செய்தால் போதும்.

உப்புவெளி ஆசிரியை:

என் தங்கையின் மகளுக்கு நான்கு வயது. ஓர் எழுத்தும் தெரியாது. நேற்று மாலை கடற்கரையில் வலையருகே காகங்கள் கூடியிருந்தபோது, அதன் பெயர் என்ன என்று கேட்டேன். ‘காகம்’ என்றாள், கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் வந்தது அந்த மெல்லிய உராய்வொலியேதான். கை தட்டித் தட்டி மெல்லச் சொல் என்றேன். ஒரு தட்டுக்குக் ‘கா’ என்றாள். அடுத்த தட்டுக்கு, சொல்லின் முதலில் வந்த அதே வன்மையான ககரத்தோடு ‘கம்’ என்றாள். இன்னும் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அப்படியே சொன்னாள்.